மெயில் பட்டனுக்குப் பின்னால் ஒரு டேபிள்

"ஒரு மெயில் பட்டன்தானே அம்மிணி, அதுக்குப் போயி இவ்வளவு எஸ்டிமேட்டா?" என்று கேட்காத வாடிக்கையாளர் எனக்கு இதுவரை அமையவில்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. திரையில் அது ஒரு பட்டன்தான். கோட் என்று பார்த்தாலும் ஒரே வரிதான்: வெப்சைட் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் மெயில் என்றே ஒரு ஃபங்ஷன் உண்டு, யாருக்கு, தலைப்பு என்ன, விஷயம் என்ன என்று மூன்றையும் கொடுத்தால் ட்ரூ என்று திருப்பித் தரும். ஆனால் அந்த ட்ரூ சொல்வது, அதே சர்வரில் உட்கார்ந்திருக்கும் மெயில் புரோகிராம் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டது என்பதை மட்டும்தான். அது வாசலைத் தாண்டிப் போனதா என்பதுகூட அதற்குத் தெரியாது.

நான் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஆப் எழுதிக் கொடுக்கிறவள். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஏதோ ஒரு வேலையை மட்டும் எடுத்துச் செய்கிறவர்கள் இவர்கள். லட்சக்கணக்கில் கொட்டி, முழுக் கம்பெனியையும் நிர்வகிக்கும் ஈஆர்பி மென்பொருள் வாங்க மாட்டார்கள், வாங்கவும் தேவையில்லை. துணி உள்ளே வந்தது, எடை போட்டோம், வேலை முடிந்து வெளியே போனது, டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போட்டோம், பில் போட்டோம், அது எக்ஸ்போர்ட் கம்பெனியின் அக்கவுண்ட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு நடந்தால் போதும். இதில் கடைசியில் இருக்கும் "போய்ச் சேர்ந்தது" என்பதில்தான் வேலையே இருக்கிறது. இத்தனை ஆப் செய்தபின் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று: ஆப்பில் மெயில் அனுப்புவது நெட்வொர்க் வேலை இல்லை, டேட்டா வேலை. மெயில் என்பது முதலில் டேட்டாபேஸ் டேபிளில் ஒரு வரி. அந்த வரியை ஒழுங்காக வைத்துக்கொண்டால் மெயில் தானாக ஒழுங்காகும்.

ஒரு யூனிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு காம்பாக்டிங் யூனிட். டையிங்கில் இருந்து வரும் துணியின் அகலத்தையும் சுருக்கத்தையும் சரிசெய்து கட்டிங்குக்கு அனுப்புவது அவர்கள் தொழில். எடை மேடை பக்கத்தில் நிற்கும் பையன் கையில் ஆண்ட்ராய்டு போன். லாட் நம்பர், டயா எனும் அகலம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம், எத்தனை ரோல், எத்தனை கிலோ என்று போட்டு டிசி எடுப்பான். டிசி பேப்பர் வண்டியோடு போய்விடும். அதே டிசியின் பிடிஎஃப், வேலை கொடுத்த பார்ட்டியின் மெர்ச்சண்டைசருக்கும் (ஆர்டரைக் கவனிப்பவர்) அக்கவுண்ட்ஸுக்கும் மெயிலில் போக வேண்டும். மாதக் கடைசியில் பில்லோடு டிசியை ஒத்துப் பார்ப்பது அந்த மெயிலை வைத்துத்தான். டிசி கிடைக்கவில்லை என்றால் பில் பாஸ் ஆகாது. ஒரு மெயில் தொலைந்தால் பேமென்ட் அடுத்த மாதம்.

என்னிடம் வருவதற்கு முன்னாலேயே அவர்களுக்கு வேறு யாரோ ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு ஆப் வரும் ஏபிகே ஃபைல் என்பது அடிப்படையில் ஒரு ஜிப் ஃபைல்தான். ஜாடெக்ஸ் மாதிரி இலவசக் கருவியில் போட்டால் உள்ளே இருக்கும் ஜாவா கோட் ஓரளவு படிக்கிற மாதிரியே வந்துவிடும். அதில் மெயில் சர்வர் முகவரி, யூனிட் ஓனரின் மெயில் முகவரி, பக்கத்திலேயே அவருடைய பாஸ்வேர்ட். ஆப் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் அவர் பெயரில் உட்கார்ந்து மெயில் அனுப்பலாம், அவர் இன்பாக்ஸையும் படிக்கலாம். வேலையை விட்டுப் போன பையன்களின் போனிலும் அந்த ஆப் இருக்கத்தானே செய்யும். இது ஏதோ அபூர்வமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டிலிருந்து நேராக மெயில் அனுப்புவது எப்படி என்று தேடினால் வரும் பழைய பதில்களில் நிறைய இதைத்தான் சொல்லித் தருகின்றன. வெறும் பாஸ்வேர்டை வைத்து நுழையும் ஆப்களை கூகுள் 2022-இல் தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு நிறுத்தியது. அதன் பிறகு பலர் ஆப் பாஸ்வேர்ட் என்ற 16 எழுத்துச் சாவியை எடுத்து அதே இடத்தில் ஒட்டிவிட்டார்கள். சாவிதான் மாறியது, தொங்கும் ஆணி அதே ஆணி.

போனில் இருக்கும் மெயில் ஆப்பையே திறந்து, பெறுநரையும் தலைப்பையும் நிரப்பிவிட்டு, அனுப்புவதைப் பயனரிடம் விடுவது இன்னொரு வழி. "எங்களைத் தொடர்புகொள்ள" பட்டனுக்கு இது போதும், நல்லதும்கூட. ஆண்ட்ராய்டில் இதற்கு சென்ட்டூ என்று முடியும் இன்டென்ட்டை (இன்னொரு ஆப்பை அழைக்கும் கட்டளை) பயன்படுத்துங்கள். வெறும் சென்ட் போட்டால் வாட்ஸ்அப், ப்ளூடூத் எல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும். ஆனால் டிசிக்கு இது உதவாது. பையன் அந்தத் திரையில் அனுப்பினானா, பின்னால் போய்விட்டானா என்பது ஆண்ட்ராய்டில் நம் ஆப்புக்குத் தெரியவே வராது. ஆக மிச்சம் இருப்பது சர்வர்தான். போன் டேட்டாவை மட்டும் சர்வருக்குக் கொடுக்கும், மெயிலைப் பற்றி அதற்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

சரி, போன் டேட்டாவைக் கொடுக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். யூனிட்டுக்குள் போய் நின்று பாருங்கள். மேலே தகரக் கூரை, சுற்றிலும் இரும்பு மெஷின், ஸ்டீம். சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பையன் சேவ் அழுத்துகிறான், ரெக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது, டிசி பதிவாகிறது, பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் போய்விடுகிறது. போனில் டைம்அவுட். பையன் திரும்ப அழுத்துவான், அழுத்தாமல் என்ன செய்வான்? இப்போது ஒரே சரக்குக்கு இரண்டு டிசி, இரண்டு மெயில். பார்ட்டியின் அக்கவுண்ட்ஸில் இரண்டு லோடு வந்ததாகக் கணக்கு. கிலோ ஒத்துவராமல் சண்டை.

இதற்கு மருந்து பழசு. சேவ் அழுத்திய உடனே போனிலேயே அந்த டிசிக்கு ஒரு யுயுஐடி, அதாவது வேறு எதற்கும் வராத அடையாள எண் போட்டு, போனில் இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸில் எழுதிவிட வேண்டும். அங்கேயே பையனுக்கு வேலை முடிந்தது, அவன் அடுத்த லாட்டுக்குப் போகலாம். நெட் கிடைக்கும்போது, ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஒர்க்மேனேஜர் அதை எடுத்து அனுப்பும், கிடைக்காவிட்டால் அப்புறம் மறுபடி முயலும். சர்வரில் அந்த யுயுஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு. அதே ஐடி மறுபடி வந்தால் புதிதாக எதையும் எழுதாது. முன்பு கொடுத்த அதே பதிலைக் கொடுக்கும். எத்தனை முறை வந்தாலும் ஒரே டிசி.

நம்பர்தான் கொஞ்சம் இடித்தது. ஜிஎஸ்டி விதி 55-இன்படி டெலிவரி சலானுக்கு வரிசை எண் இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நெட் இல்லாமல் இரண்டு போன் ஒரே நேரத்தில் டிசி போட்டால் இருவரும் ஒரே எண்ணைப் போட்டுவிடுவார்கள். நல்லவேளையாக அதே விதி "ஒன்று அல்லது பல வரிசைகள்" வைத்துக்கொள்ளலாம் என்கிறது. எனவே ஒவ்வொரு போனுக்கும் ஒரு முன்னெழுத்து, தனி வரிசை. எடை மேடை போனுக்கு ஒன்று, ஆபீஸ் போனுக்கு ஒன்று. எண்ணுக்காக சர்வரைக் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தை எழுதியவருக்கு ஆஃப்லைன் ஆப் மனதில் இருந்திருக்காது, ஆனாலும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது அந்த டேபிள். சர்வரில் டிசி பதிவாகும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் இன்னொரு டேபிளிலும் ஒரு வரி விழும். அதில் இருப்பது: எந்த டிசி, யாருக்கு, என்ன நிலை, எத்தனை முறை முயன்றாயிற்று, அடுத்து எப்போது முயல வேண்டும், எதிர்முனை கடைசியாகச் சொன்ன பதில். அவ்வளவுதான். டிசி பதிவாகி மெயில் வரி விழாமல் போவதும் இல்லை, டிசி ரத்தாகி மெயில் மட்டும் போய்விடுவதும் இல்லை. இரண்டும் சேர்ந்து நிற்கும், இல்லையென்றால் சேர்ந்து விழும். மெயிலை அங்கேயே நேராக அனுப்பிவிடலாமே என்று கேட்பார்கள். அனுப்பலாம், மெயில் சர்வர் பதில் சொல்ல அரை நிமிடம் எடுத்தால் பையனின் போனும் அரை நிமிடம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

பின்னால் ஒர்க்கர் என்ற ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் வந்த வரிகளை எடுக்கும், அனுப்பும், நிலையை மாற்றும். இரண்டு ஒர்க்கர் ஓடினால் ஒரே வரியை இருவரும் எடுத்துவிடக் கூடாது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 9.5 பதிப்பிலிருந்து ஸ்கிப் லாக்ட் என்று ஒன்று இருக்கிறது, ஒருவர் பூட்டிய வரியை அடுத்தவர் தாண்டிப் போய்விடுவார். இந்த அளவு வேலைக்குத் வரிசையைக் கவனிக்கத் தனியாக க்யூ சர்வர் வைக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. ஒரு ஓட்டை மட்டும் அடைபடாது: மெயில் சர்வர் "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லி, அதை நாம் டேபிளில் எழுதும் முன் கரண்ட் போனால், அந்த மெயில் இன்னொரு முறை போகும். போகட்டும். டிசி எண் தலைப்பிலேயே இருப்பதால் பார்க்கிறவருக்கு அது நகல் என்று தெரிந்துவிடும். வராமல் போவதைவிட இரண்டு முறை வருவது மேல்.

எதிர்முனை சொல்லும் பதில் என்றேனே, அதைக் கொஞ்சம் பார்க்கலாம். மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் மொழி 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் வந்தது. 2008-இல் அது 5321 ஆகப் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் பேச்சு மாறவே இல்லை. இந்தப் பக்கம் வணக்கம் சொல்லும், யாரிடமிருந்து என்று சொல்லும், யாருக்கு என்று சொல்லும், அப்புறம் கடிதத்தைக் கொட்டிவிட்டு, தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைத்து முடிக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் மூன்று இலக்க எண் சொல்லும். 2-இல் தொடங்கினால் சரி. 4-இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. 5-இல் தொடங்கினால் வரவே வராதே. நான் பார்த்த பல கோட்களில் இந்த 4, 5 வித்தியாசமே இருக்காது. இரண்டையும் "எரர்" என்று ஒரே பையில் போட்டுவிடுவார்கள். பழக்கமில்லாத சர்வரிலிருந்து வரும் முதல் முயற்சியை வேண்டுமென்றே 4-இல் தொடங்கும் எண் சொல்லித் திருப்பிவிடும் சர்வர்கள் உண்டு. ஸ்பாம் அனுப்புகிறவன் திரும்ப வர மாட்டான், முறையான சர்வர் வரும் என்ற கணக்கு. அதை எரர் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டால் அந்த பார்ட்டிக்கு முதல் மெயிலே சேராது. 5 என்று சொன்னவரை விடாமல் தட்டிக்கொண்டிருந்தால் நம் பெயர் கெடும்.

மிக முக்கியமான எண் 250. கடிதத்தைக் கொட்டி முடித்ததும் அது வந்தால், இனிமேல் இந்தக் கடிதம் என் பொறுப்பு என்று எதிர் சர்வர் ஏற்றுக்கொண்டது என்று பொருள். யூனிட் ஓனருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பார்சல் ஆபீஸில் மூட்டையைப் போட்டு எல்.ஆர். ரசீது வாங்குகிற மாதிரிங்ண்ணா என்றேன். "அப்ப எல்.ஆர். கையில இருக்குதுன்னா புக் ஆச்சுன்னுதான் அர்த்தம், டெலிவரி ஆச்சுன்னு இல்ல" என்று அவரே முடித்துவைத்தார். ஆமாம், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் சர்வர் 30 நிமிடத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு நாலைந்து நாள் வரை முயன்று பார்க்கலாம் என்று அதே ஆர்எஃப்சி சொல்கிறது. அதாவது திங்கட்கிழமை அனுப்பிய டிசி சேரவில்லை என்ற செய்தி வெள்ளிக்கிழமை வரலாம். அதனால்தான் என் டேபிளில் "அனுப்பியாச்சு" என்று ஒரு நிலையே கிடையாது. காத்திருக்கிறது, ஒப்படைத்தோம், எதிர் சர்வரில் சேர்ந்தது, திரும்பி வந்தது. இன்பாக்ஸில் விழுந்ததா, ஸ்பாமில் விழுந்ததா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. படித்தார்களா என்று பார்க்க மெயிலில் கண்ணுக்குத் தெரியாத படம் வைக்கும் வித்தை ஒன்று இருந்தது. 2021-இல் ஐஓஎஸ் 15-இல் ஆப்பிள் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கத் தொடங்கியபின் அந்தக் கணக்கை நம்புவதில் அர்த்தமில்லை.

அடுத்தது யார் பெயரில் அனுப்புவது. ஓனருக்குத் தன் ஜிமெயில் முகவரிதான் ஃப்ரம்-இல் வர வேண்டும் என்று ஆசை. இத்தனை வருடமாக எல்லாரிடமும் இருக்கிற முகவரி அது. நாங்கள் அனுப்புவதோ அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ் வழியாக, மும்பை சர்வரிலிருந்து. ஜிமெயில் முகவரியைப் போட்டுக்கொண்டு கூகுளுடையது அல்லாத இடத்திலிருந்து மெயில் வந்தால், எதிரே இருக்கிறவர் பார்வையில் அது ஆள்மாறாட்டம். இதைக் கண்டுபிடிக்க மூன்று ஏற்பாடு உண்டு. எஸ்பிஎஃப் என்பது இந்த டொமைனுக்காக (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று, டொமைன்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எழுதிவைக்கும் பட்டியல். டிகிம் என்பது கடிதத்தின் மேல் டொமைன் போடும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க் என்பது இந்த இரண்டில் ஒன்றாவது ஃப்ரம்-இல் இருக்கும் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்று டொமைன்காரரே சொல்லிவைப்பது. 2014 ஏப்ரலில் யாகூ தன் டொமைனுக்கு "பொருந்தாவிட்டால் தள்ளிவிடு" என்று எழுதியபோது, யாகூ முகவரி வைத்துக் குழு மெயில்களில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பலரின் கடிதங்கள் திரும்பி வந்தன. 2024 பிப்ரவரி முதல் கூகுள் எல்லாரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் இரண்டோடு டிமார்க்கும் கேட்கிறது, விளம்பர மெயில் என்றால் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் கேட்கிறது. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது.

நாங்கள் அனுப்புவது அந்த 5,000-இல் சின்னத் துளி. ஆனாலும் ஒரு டொமைன் வாங்கி மூன்றையும் போட்டுவிட்டேன். ஃப்ரம்-இல் யூனிட்டின் டொமைன், ரிப்ளை-டூ-வில் ஓனரின் ஜிமெயில். பதில் எழுதினால் அவருக்கே போகும், அவருக்கும் திருப்தி. வெப்சைட்டில் தொடர்புப் படிவம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்: படிவத்தை நிரப்பியவரின் முகவரியை ஃப்ரம்-இல் போடாதீர்கள், அதற்குத்தான் ரிப்ளை-டூ. அதோடு அவர் தட்டிய பெயரிலும் தலைப்பிலும் வரி முறிவு இருந்தால் நீக்கிவிடுங்கள். ஒரு வரி முறிவுக்குப் பின், மறைவாக நகல் அனுப்பும் பிசிசி என்று எழுதி நூறு முகவரி போட்டு, உங்கள் படிவத்தையே ஸ்பாம் மெஷின் ஆக்கும் வேலை ரொம்ப காலமாக நடக்கிறது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. தலைப்பு தமிழில் வேண்டும் என்று ஓனர் சொன்னார். உள்ளூர் பார்ட்டிகள் நிறைய, தமிழில் இருந்தால் பார்த்ததும் தெரியும். பழைய ஆப்பும் தமிழில்தான் அனுப்பிக்கொண்டிருந்தது, ஆனால் சில பேருக்குத் தலைப்பின் நடுவில் கறுப்பு வைரமும் கேள்விக்குறியும் வந்தது. எல்லாத் தலைப்பிலும் இல்லை, ஒரு சிலதில் மட்டும். அவர்கள் ஃபான்ட் கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

ஃபான்ட் இல்லை. மெயில் தலைப்பு பிறந்த காலத்தில் ஆங்கில எழுத்து மட்டும்தான். மற்ற மொழிகளை ஆர்எஃப்சி 2047 சொல்கிறபடி பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். ஒரு பொட்டலம் 75 குறியீட்டுக்கு மேல் போகக் கூடாது. அதில் "இது யூடிஎஃப்-8, இது பேஸ்64" என்று சொல்லும் முன்னொட்டுக்கும் மூடிக்கும் 12 போய்விடும். மிச்சம் 63. பைட்டுகளை ஆங்கிலக் குறியீடுகளாக மாற்றும் பேஸ்64 நான்கு நான்காகத்தான் போகும், எனவே 60. நான்கு குறியீட்டில் மூன்று பைட் அடங்கும், ஆக ஒரு பொட்டலத்தில் 45 பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் புள்ளிக்கும், அதாவது யூனிகோடில் தனி எண் உள்ள ஒவ்வொரு குறிக்கும், 3 பைட். ழ என்றால் 224, 174, 180. நாம் ஒரே எழுத்தாகப் படிக்கும் பூ, யூனிகோடில் ப-வும் ஊகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. "திருப்பூர்" நம் கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடுக்கு 10, பைட்டில் 30. ஆகப் பொட்டலத்துக்கு 15 யூனிகோட் புள்ளி.

பழைய ஆப்பின் தலைப்பு "டெலிவரி சலான் - லாட் 412" என்ற மாதிரி. "டெலிவரி சலான்" இடைவெளி உட்பட 37 பைட். இடைவெளி, கோடு, இடைவெளி சேர்ந்தால் 40. அடுத்து ல, 43. அடுத்து துணைக்கால், அது 46-இல் முடிய வேண்டும். ஆனால் கோட் எழுதியவர் கண்ணை மூடிக்கொண்டு 45-இல் வெட்டியிருந்தார். துணைக்காலின் இரண்டு பைட் முதல் பொட்டலத்தில், மூன்றாவது அடுத்ததில். ஒரு எழுத்தின் பைட்டுகளை இரண்டு பொட்டலத்தில் பிரிக்கக் கூடாது என்று அந்த ஆர்எஃப்சி தெளிவாகவே சொல்கிறது. சில மெயில் ஆப்கள் பெருந்தன்மையாக இரண்டையும் ஒட்டிப் படித்துவிடும், அங்கே ஒழுங்காகத் தெரியும். மற்றவை தனித்தனியாகப் பிரிக்கும், அங்கே வைரம். அதனால்தான் ஒரே மெயில் ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்கு உடைந்தும் தெரிந்திருக்கிறது. பில்லுக்கு வேறு தலைப்பு என்பதால் அங்கே வெட்டு விழும் இடம் தற்செயலாக எழுத்தின் எல்லையில் அமைந்தது, ஒன்றும் தெரியவில்லை. இப்போது நான் இதற்கென்றே இருக்கும் தயார் கோடான லைப்ரரியிடம் விட்டுவிட்டேன், அது எல்லை பார்த்து வெட்டும். தலைப்பில் டிசி எண்ணை முதலில் வைத்துவிட்டேன், போன் திரையில் பாதிதான் தெரிந்தாலும் எண் தெரியும்.

பார்ட்டிகள் தாங்களே உள்ளே வந்து பழைய டிசிகளை எடுத்துக்கொள்ள ஒரு வெப் பக்கமும் இருக்கிறது. பாஸ்வேர்ட் இல்லை, மெயிலுக்கு ஒரு லிங்க் வரும், அழுத்தினால் உள்ளே. ஒரு முறைதான் வேலை செய்யும். ஒரு பெரிய எக்ஸ்போர்ட் ஆபீஸில் மட்டும் யாருக்கும் வேலை செய்யவில்லை, "லிங்க் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்றே வந்தது. லாகைப் பார்த்தால் மெயில் சேர்ந்த சில நொடிகளில் யாரோ லிங்க்கைத் திறந்திருக்கிறார்கள். அவர்களுடைய மெயில் பாதுகாப்பு மென்பொருள்தான், வைரஸ் லிங்க்கா என்று பார்க்க ஒவ்வொன்றையும் முன்கூட்டியே திறந்து பார்க்கிறது. வெறுமனே பக்கத்தைத் திறந்தாலே லிங்க்கில் இருக்கும் டோக்கன், அதாவது ஒரு முறைச் சாவி, செலவாகக் கூடாது. இப்போது லிங்க் ஒரு பக்கத்தைக் காட்டும், அதில் "உள்ளே செல்" பட்டன். அதை அழுத்தினால் போஸ்ட் ரெக்வெஸ்ட்டாகப் போய் அப்போதுதான் டோக்கன் செலவாகும். ஸ்கேனர் பொதுவாகப் பட்டன் அழுத்தாது. டேபிளில் டோக்கனை அப்படியே வைப்பதில்லை, திரும்ப டோக்கனாக மாற்ற முடியாத அதன் ஹாஷ் மட்டும்.

டேட்டா விஷயத்தில் என் பிடிவாதம் ஒன்றுதான்: தேவையில்லாததை வைத்துக்கொள்ளாதே. போனில் சர்வருக்குப் போய்ச் சேராத டிசிகளும் சமீபத்திய சில நாட்களும் மட்டும். லாகின் டோக்கனை, ஆண்ட்ராய்டு ஆப்கள் சின்ன விஷயங்களைச் சேமிக்கும் ஷேர்ட் பிரெஃபரன்ஸில் போட்டால் அது வெறும் எக்ஸ்எம்எல் ஃபைல், பேக்கப் வழியாக வேறு போனுக்கும் போகலாம். ஆண்ட்ராய்டின் பாதுகாப்பான சாவிப் பெட்டியான கீஸ்டோரின் சாவியால் பூட்டி வைக்கிறேன், பேக்கப்பை அணைத்துவிடுகிறேன். பையனின் போன் தொலைந்தால் ஆபீஸிலிருந்து அந்த போனை மட்டும் வெட்டிவிடலாம். மெயில் டேபிளில் கடிதத்தின் முழு உடலையும் சேர்த்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, டிபக் பண்ண வசதி என்று. டிசியின் ஐடி இருந்தால் பிடிஎஃப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம், எதற்கு இரண்டாவது பிரதி? 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. காம்பாக்டிங் யூனிட்டை யாரும் அவ்வளவுக்கு இழுக்க மாட்டார்கள்தான், ஆனாலும் மெர்ச்சண்டைசர்களின் பெயரும் செல் நம்பரும் தனிநபர் தரவுதானே. டெஸ்ட் பண்ணும்போதும் அதே கவனம் வேண்டும். நிஜ டேட்டாபேஸின் நகலை வைத்து ஒர்க்கரை ஓட்டினால் நிஜ மனிதர்களுக்கு மெயில் போகும். என் லேப்டாப்பில் மெயில்பிட் ஓடுகிறது, எந்த மெயிலையும் வெளியே விடாமல் தானே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பவுன்ஸ், அதாவது திரும்பி வரும் மெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ஓனர் தினமும் திறந்து பார்ப்பது அதைத்தான். மெயில் திரும்பி வந்தால் எஸ்இஎஸ் நம் சர்வருக்குத் தகவல் சொல்லும். அந்த வரியைத் "திரும்பி வந்தது" என்று மாற்றி, அந்த முகவரிக்கு இனி அனுப்பாதே என்று குறித்துவைக்கிறோம். பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தொட்டால் அமேசான் கணக்கைக் கண்காணிப்பில் வைக்கும், இன்னும் ஏறினால் அனுப்புவதையே நிறுத்திவிடலாம். இந்த ஊரில் மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவது சாதாரணம். ஆள் போனதும் முகவரியை எடுத்துவிடுவார்கள், நம்மிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். முன்பெல்லாம் இது தெரிய மாதக் கடைசி ஆகும், பில் பாஸ் ஆகாதபோது. இப்போது பார்ட்டி பெயர் சிவப்பாகிறது, ஓனர் காலையில் டீயோடு உட்கார்ந்து சிவப்பாக இருப்பவர்களுக்கு போன் போடுகிறார். "ஏனுங்க, அந்தப் பொண்ணு வேலைய விட்டுருச்சுங்களா? புது மெயில் ஐடி சொல்லுங்க" என்று வாங்கி அவரே மாற்றிவிடுகிறார். மாற்றியதும் திரும்பி வந்த டிசிகள் எல்லாம் மறுபடி வரிசையில் நிற்கும். அதற்காக நான் தனியாக எதுவும் எழுதவில்லை, நிலையை "காத்திருக்கிறது" என்று மாற்றும் ஒரே அப்டேட்தான்.

இப்போது அவருக்கு வாட்ஸ்அப்பிலும் டிசி போக வேண்டும். எஸ்எம்எஸ் வேண்டாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, வணிக எஸ்எம்எஸ்களுக்கான டிஎல்டி பதிவேட்டில் பெயரும், செய்தியின் வார்ப்பான டெம்ப்ளேட்டும் பதிவு செய்து அலைவது இந்த அளவு வேலைக்குக் கட்டுபடியாகாது. வாட்ஸ்அப்பிலும் நாமாக முதலில் அனுப்பும் செய்திக்கு டெம்ப்ளேட் ஒப்புதல் வாங்க வேண்டும், ஆனால் பார்ட்டிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். டேபிளில் "வழி" என்று ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன், ஒர்க்கரில் ஒரு கிளை. டெம்ப்ளேட் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று ஒப்புதலுக்குப் போட்டாயிற்று. அது வந்ததும் முதலில் ரெண்டு பார்ட்டிக்கு மட்டும் திறந்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.